கேட்டையில் பிறந்த இளவரசன்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்தே முக்காலுக்கு என் மனைவியைத் தமிழ் வானொலி நிலையத்தின் வாசலில் இறக்கிவிடுவேன். வாசல் என்றால் ஒரு பிளாசாவின் பின்பக்கக் கதவு. கீழே நகைக்கடையும் பல் வைத்தியரும். மேல்மாடியில் வானொலி. அவள் படியேறிப் போனதும் மேல்மாடி ஜன்னல் தெரிகிற மாதிரிக் காரை நிறுத்திக்கொண்டு வானொலியைப் போடுவேன். வீடு விற்பவர்களின் விளம்பரம் மூன்று, புடைவைக் கடை ஒன்று, மரண அறிவித்தல் இரண்டு. பதினொரு மணிக்கு அவளுடைய குரல் வரும்.

"வணக்கம், நான் கோணேஸ்வரி. போன கிழமை எங்கட இளவரசனை எங்க விட்டனாங்கள்?"

எங்கட இளவரசன். ஒவ்வொரு கிழமையும் அந்தச் சொல் என்னை ஒரே இடத்தில் குத்தியது. அவன் என்னுடையவன்.

பதினொரு வருடங்களுக்கு முன் நூலகம் ஒன்று கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் அவனைக் கண்டெடுத்தேன். இரண்டு தடித்த பாகங்கள், ஆங்கிலத்தில். பிரீட்ரிக் அன்ரன், வைஸன்றோட என்ற ஜெர்மானியச் சிற்றரசின் இளவரசன். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டத்துக்கு வந்து முப்பத்துநான்கு வருடம் ஆண்டவன். ஆண்டவன் என்று சொன்னாலும் நாடு அவ்வளவு சின்னது. காலையில் குதிரையில் புறப்பட்டவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்ற எல்லைக்குப் போய்விடலாம். நான் வேலைக்கு ஸ்காபரோவிலிருந்து பிறம்ரனுக்கு ஓடுகிற தூரம் அதைவிடக் கூட. பிரெஞ்சு ராஜாவைப் பார்த்து அவனும் ஒரு மாளிகை தொடங்கினான். ஒரு பக்கம்தான் கட்டி முடிந்தது. மற்றப் பக்கத்து மொட்டைச் சுவரில் ஜன்னல்களை வரைவித்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது என்று எழுதிவைத்திருக்கிறான்.

தினமும் நாட்குறிப்பு எழுதியவன் அவன். அதற்காகத்தான் அவனை எனக்குப் பிடித்தது. மற்ற அரசர்கள் போரையும் வெற்றியையும் எழுதுவார்கள். இவனுக்குப் போரே இல்லை. தன் பொறாமைகளைத் திகதி போட்டு எழுதினான். அவனுடைய மனைவி சார்லொட்டை ஊரார் விரும்பினார்கள். அது அவனால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு நாள் எழுதுகிறான்: "இன்று அவளுடைய வண்டி போனபோது ரொட்டிக்காரன் தொப்பியைக் கழற்றினான். என் வண்டிக்கும் கழற்றினான். அவளுக்குக் கழற்றியபோது சிரித்தான்."

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடும் முன் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைத்தேன்.

எனக்குப் பேச வராது. பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே பேசத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, கோணேஸ் உடுப்பு மடிக்கும்போதோ மரக்கறி வெட்டும்போதோ, இளவரசனைப் பற்றி ஏதாவது இரண்டு வசனம் சொல்வேன். சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். அவள் காத்திருப்பாள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு வசனம் சொல்வேன். எங்கள் இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் நான் அவளுக்குக் கொடுத்தவை என்று கணக்குப் பார்த்தால், அந்த வசனங்கள்தான் பெரிய பங்கு.

அவள் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்கிறாள். டோர்செட் பார்க்கில், பதினான்காம் மாடியில், புனிதவதி அன்ரி என்று ஒருவர். சாப்பிட மாட்டார். கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வார். ஒரு நாள் கோணேஸ் அவருக்கு இளவரசன் ஜன்னல் வரைவித்த கதையைச் சொல்லியிருக்கிறாள். அன்ரி சிரித்தபோது கரண்டி உள்ளே போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இளவரசன்தான் சோறூட்டினான். அன்ரியின் மகன் ஜனார்த்தன் வானொலி நடத்துகிறவன். ஒரு மத்தியானம் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அக்கா, இதை றேடியோவில சொல்லுங்கோவன்" என்று கேட்டிருக்கிறான்.

தை மாதத்தில் தொடங்கியது. முதல் நிகழ்ச்சிக்கு முதல் நாள் அவள் என்னைக் கேட்டாள்.

"உங்கட பேரைச் சொல்லட்டோப்பா? கதை உங்கட தானே."

"என்னத்துக்கு? எனக்கு உந்த விளையாட்டெல்லாம் சரிவராது."

இரண்டாம் தரம் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மூன்று ஞாயிறு காத்திருந்தேன், அவள் கேட்டால் எப்படி வேண்டாவெறுப்பாகச் சம்மதிப்பது என்று யோசித்து வைத்துக்கொண்டு.

அவள் நன்றாகச் சொன்னாள். அதுதான் வேதனை. நான் ஒரு வசனத்தில் சொன்ன ரொட்டிக்காரனுக்கு அவள் ஓர் ஓட்டைப் பல்லைக் கொடுத்தாள். புருவத்தில் மாவைக் கொடுத்தாள். தொப்பியைக் கழற்றும்போது அந்த மா கண்ணில் விழுந்து அவன் கண்ணைக் கசக்குவதையும், அதை இளவரசன் கண்ணடிப்பு என்று நினைப்பதையும் சொன்னாள். புத்தகத்தில் இப்படி ஒன்றும் இல்லை. அன்று பின்னேரம் எடுத்துப் பார்த்தேன். இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது ரொட்டிக்காரன் மாப் படிந்த புருவத்தோடுதான் வந்தான். பதினொரு வருடமாக முகமில்லாமல் நின்றவன்.

கேட்பவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள்.

"தங்கச்சி, நான் மல்வேர்னில இருந்து. உந்தப் பெடியனுக்கு ஆரும் புத்தி சொல்லேல்லையோ? பெண்சாதியைச் சனம் மதிச்சால் அவனுக்கெல்லே பெருமை?"

"அக்கா, அது விளங்கியிருந்தால் எங்களுக்கு இண்டைக்குக் கதை இல்லையே."

வானொலியில் சிரிப்பு. கீழே காருக்குள் என் காது சுட்டது.

ஒரு நாள் பலசரக்குக் கடையில் நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு நிற்க, பயற்றங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் குரலைக் கேட்டே அவளைப் பிடித்துவிட்டார். "நீங்கள் இளவரசன் அக்கா எல்லே?" பக்கத்திலிருந்த மூன்று பேர் திரும்பினார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் குடுத்து வச்சனீங்கள். வீட்டில ஒவ்வொரு நாளும் கதைதான், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். கோணேஸ் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருந்தால், கதை என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் உருளைக்கிழங்கு மூட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் தில்லையம்பலம் அங்கிள் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். சாதகம் பார்ப்பதில் பெயர் எடுத்தவர். "பிள்ளை, உந்த ஆளின்ர குணம் எனக்குப் பிடிபடுதில்லை. பிறந்த திகதியும் நேரமும் சொல்லும், ஒருக்காப் பாப்பம்" என்று வானொலியிலேயே கேட்டார்.

அன்று வீட்டில் அவள் என்னிடம் கேட்டாள். "மார்ச் நாலு. ஆயிரத்து அறுநூற்று எழுவத்தெட்டு. விடிய ஆறு மணி" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வைஸன்றோட போன்ற புரொட்டஸ்தாந்து நாடுகள் பழைய நாட்காட்டியை விடவில்லை. மற்ற இடங்களைவிடப் பத்து நாள் பின்னால் நின்றன. ஆயிரத்து எழுநூறாம் ஆண்டில்தான் மாறின. அவனுடைய நாட்குறிப்பில் பெப்ரவரி பதினெட்டுக்கு அடுத்த நாள் மார்ச் முதலாம் திகதி. "எனக்கு வயது போய்விட்டது, யாரும் கேட்கவில்லை" என்று அன்று எழுதியிருக்கிறான். ஆகவே அவன் பிறந்த மார்ச் நான்கு எங்கள் கணக்கில் மார்ச் பதினான்கு. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் திகதியைத்தான் கேட்டாள். நான் திகதியைத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அங்கிள் சாதகத்தோடு வந்தார்.

"கும்ப லக்கினம், கடக ராசி, பூச நட்சத்திரம். இஞ்ச பார் பிள்ளை, பூசத்தில பிறந்தவனுக்குத் தாய் மனசு. இரக்கம் கூட. உந்த எரிச்சல் பொறாமையெல்லாம் கிரகம் செய்யிற வேலை. பிள்ளையின்ர குணமில்லை."

"நானும் அப்பிடித்தான் அங்கிள் நினைச்சனான். பாவம் அவன்" என்றாள் என் மனைவி.

அதோடு அவன் என் கையை விட்டுப் போனான். ஒரே கிழமையில் அவன் நல்லவனாகிவிட்டான். புரிந்துகொள்ளப்படாதவன், பூச நட்சத்திரக்காரன், நல்ல பிள்ளை. ஒரு பெண் அழைத்துச் சொன்னார், கோயிலில் அவனுடைய பெயருக்கு அர்ச்சனை செய்தாராம்.

"ஐயர் பேர் கேட்டார், பிரீட்ரிக் எண்டன். கோத்திரம் கேட்டார். தெரியாது ஐயா, ஜெர்மன் எண்டன். அவர் ஒரு கதையும் பறையேல்லை. புஷ்ய நட்சத்ரே, கடக ராசௌ, பிரீட்ரிக் நாமதேயஸ்ய எண்டு செய்து தந்திட்டார்."

"ஆள் உயிரோட இல்லை எண்டு சொன்னனீங்களோ?"

"அதை ஏன் பிள்ளை சொல்லுவான்? தேங்காயை உடைச்சாச்செல்லே."

ஊரே சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அவன் நல்லவனாக வேண்டியதில்லை. ரொட்டிக்காரனின் சிரிப்பை எண்ணிக்கொண்டு படுக்கிறவனாகவே வேண்டும். அந்த ஒருவனை வைத்துத்தான் நான் பதினொரு வருடம் தனியாக இல்லாமல் இருந்தேன். அவர்கள் அவனைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, யாரும் மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய பிள்ளையாக்கிவிட்டார்கள். அதை என் மனைவி செய்தாள்.

வேலையில் சாப்பாட்டு இடைவேளையில், தொலைபேசியில் கிடைக்கும் சாதகக் கணிப்பில் மார்ச் பதினான்கைப் போட்டுப் பார்த்தேன். விருச்சிக ராசி. கேட்டை, ஆட்கள் முகம் சுளிக்கிற நட்சத்திரம். சாதகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒரு கொடுமையான சந்தோசம் வந்தது.

அடுத்த ஞாயிறு, காருக்குள் இருந்து, என் எண்ணை மறைத்து வானொலிக்கு அழைத்தேன். அழைப்புகளை எடுக்கும் நிசாந்தன் எடுத்தான்.

"லைன்ல நில்லுங்கோ அண்ணை. றேடியோவைக் குறைச்சுப் போட்டுக் கதையுங்கோ, எதிரொலிக்குது."

குறைத்தேன். மேலே ஜன்னலைப் பார்த்தேன். ஒரு குழல்விளக்கு மட்டும் தெரிந்தது.

"வணக்கம், லைன்ல ஆர்?"

"ஸ்காபரோவில இருந்து கதைக்கிறன்."

ஒரு மூச்சு அளவு இடைவெளி.

"சொல்லுங்கோ அண்ணை" என்றாள்.

அழைக்கிற ஆண்கள் எல்லோரையும் அவள் அப்படித்தான் சொல்வாள். விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். நான் பேசினேன். பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி, பத்து நாள், எந்த நாடு எப்போது மாறியது, எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன். "ஆனபடியால் சாத்திரியார் போட்ட சாதகம் பிழை. நீங்கள் திகதியைச் சரிபாக்காமச் சொன்னபடியால் வந்த பிழை. அவன் பூசம் இல்லை."

"அப்ப என்ன நட்சத்திரம் அண்ணை?"

"கேட்டை."

"கேட்டையோ" என்றாள் மெதுவாக. "நல்ல விசயம் சொன்னீங்கள். எனக்குத் தெரியாது. என்ர பிழைதான்."

தொலைபேசியை வைத்தேன். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அர்ச்சனை செய்தவர் கோபிப்பார். அங்கிள் அவமானப்படுவார். "உமக்கு உது ஆர் சொன்னது, எங்க படிச்சனீர்?" என்று யாராவது கேட்பார்கள். அவள் என்னிடம் வருவாள்.

வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"தங்கச்சி, உது எங்கட வாக்கியம் திருக்கணிதம் மாதிரி எல்லே?" என்று ஒரு கிழவர் கத்திக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டில நான் வாக்கியம், மனுசி திருக்கணிதம். வருசப்பிறப்புக்கு மருத்துநீரை எத்தினை மணிக்குத் தலையில வைச்சு முழுகிறதெண்டு நாப்பது வருசமாச் சண்டை. ஜெர்மன்காரனும் உப்பிடியே அடிபட்டவன்?"

இரண்டு பஞ்சாங்கம் என்பது எங்கள் ஆட்களுக்குப் பிறந்த நாள் தொட்டுத் தெரிந்த விசயம். ஒரு கோயிலில் இன்றைக்குத் திருவிழா என்றால் அடுத்த வீதிக் கோயிலில் நாளைக்கு. நான் பெரிய குண்டு என்று போட்டதை அவர்கள் கல்யாணவீட்டுப் பலகாரம் மாதிரி வாங்கிக்கொண்டார்கள். அழைப்புக்கு மேல் அழைப்பு. பிரீட்ரிக் வாக்கியக்காரனாகப் பிறந்து திருக்கணிதக்காரனாகச் செத்தவன் என்று ஒருவர் தீர்ப்பே சொன்னார். தில்லையம்பலம் அங்கிளுக்குக் கொஞ்சமும் கோபமில்லை.

"அந்தத் தம்பி சொன்னது சரி பிள்ளை. கேட்டை எண்டால்தான் கணக்குச் சரிவருது. இப்பதான் எனக்கு ஆள் ஆரெண்டு தெரியுது. கேட்டைக்காரனுக்குத் தன்ர கோப்பையில எவ்வளவு இருந்தாலும் கண் மற்றவன்ர கோப்பையிலதான். ஆனால் பாசமெண்டு வந்தால் உயிரையும் குடுப்பான். உதைக் காட்டத்தான் அவனுக்குத் தெரியாது."

கோணேஸ் அதையும் பிடித்துக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்க ஊர், இந்தப் பக்கம் வைஸன்றோட என்றாள். "அங்க நத்தார்ப் பெருநாள் முடிஞ்சு சட்டி கழுவுறாங்கள். இஞ்ச இன்னும் மாவே குழைக்கேல்லை. பலகார வாசம் மட்டும் மலையால இறங்கி வருது. இவன் மாடியில நிண்டு மூக்கை நீட்டி மணக்கிறான். எப்பிடி இருந்திருக்கும்?" ஒரு நிமிடத்தில் கட்டியது. நான் பதினொரு வருடம் படித்தும் எனக்கு அந்த வாசம் வந்ததில்லை.

இருபது நிமிட நிகழ்ச்சியை ஜனார்த்தன் நாற்பது நிமிடத்துக்கு விட்டான்.

வீட்டுக்குப் போகிற வழியில், கெனடி வீதியில், சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் சொன்னாள், "கலண்டர் விசயம் உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம்."

"நான் திகதி கேக்கேக்க சொல்லேல்லை."

"நீர் கேக்கேல்லை."

"சரி, நான் கேக்கேல்லைத்தான்."

இன்னும் இரண்டு விளக்கு தாண்டியது. "நல்லாக் கதைச்சீங்கள்" என்றாள். "என்னோட ஒரு நாளும் இப்பிடி நிப்பாட்டாமக் கதைச்சதில்லை."

அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த கிழமையிலிருந்து ஆட்கள் அந்த அண்ணையைக் கேட்கத் தொடங்கினார்கள். "அந்தக் கலண்டர் அண்ணை இண்டைக்கு வரேல்லையோ?" அவள் சொல்வாள், "வரேல்லை. ஆனால் எங்கயோ இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார்." அதைச் சொல்லும்போது அவள் குரல் இளகும். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை வருடம் என்று யோசித்தேன். அந்த அண்ணை யார், அவனுக்கு ஏன் இது என்று எனக்குள் ஒன்று கேட்டது. அது நான்தான் என்று தெரியும். தெரிந்தும் அவன்மேல் எரிச்சல் போகவில்லை. நான் திரும்ப அழைக்கவில்லை. அந்தக் குரலை அவன் இன்னும் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு போவதை நான் விரும்பவில்லை.

வைகாசி கடைசி ஞாயிறோடு நிகழ்ச்சி முடிவதாக இருந்தது. இளவரசன் சாக வேண்டும். அவன் எப்படிச் செத்தான் என்பதை நான் அவளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. இரண்டாம் பாகத்தின் கடைசி நாற்பது பக்கங்கள். அது மட்டும்தான் என்னிடம் மிஞ்சியிருந்தது.

"எப்பிடிச் செத்தவன்?" என்று கேட்டாள், கத்தரிக்காயை வெட்டிக்கொண்டு.

"பிறகு சொல்லுறன்."

மறுநாளும் கேட்டாள். பிறகு, "புத்தகத்தைத் தாங்கோவன், நானே வாசிக்கிறன்" என்றாள்.

"வேலையில விட்டிட்டன்."

உண்மைதான். திங்கட்கிழமையே அதைக் கொண்டுபோய்ப் பிறம்ரனில் என் லொக்கருக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எதற்காகக் கொண்டுபோனேன் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"நூலகத்தில கேட்டால் எடுத்துத் தருவினம்" என்றாள். "ஆனால் நான் கேக்க மாட்டன். இவ்வளவும் நீங்கள் சொன்னது. முடிவையும் நீங்கள் சொன்னால் சொல்லுவன். இல்லாட்டி, எனக்குத் தெரியாது எண்டு சனத்துக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

அவள் அப்படியே செய்வாள். எனக்கு அவளைத் தெரியும். அந்தக் கிழமை முழுவதும் இடைவேளைகளில் லொக்கரைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டிக்கும் பாதுகாப்புச் சப்பாத்துக்கும் நடுவில் அவன் கிடந்தான். இப்போது முழுக்க என்னுடையவன். நான் எடுத்துப் படிக்கவும் இல்லை. படித்தால் அவளுடைய குரலில்தான் வருவான் என்று தெரிந்திருந்தது. அவளிடம் இருந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தபோது, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிற ஒரு புத்தகம்தான் அங்கே இருந்தது. அவன் இல்லை.

சனிக்கிழமை காலை அதை மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. கதிரையை இழுத்து இருந்தாள். நான் சொன்னேன்.

ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்றில், கார்த்திகையில், வைஸன்றோடவுக்கு அம்மை வந்தது. அவனுக்கும் வந்தது, சார்லொட்டுக்கும் வந்தது. மாளிகையில் வேறு வேறு அறைகளில் கிடந்தார்கள். ஒரு நாள் காலை ஊர்ச் சனம் முழுக்க முற்றத்துக்கு வந்து நின்று செபம் செய்தது. அந்தச் சத்தத்தில் அவன் கண் விழித்தான். பக்கத்தில் இருந்த பாதிரியாரிடம், யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். சார்லொட்டுக்காகத்தான் வந்தார்கள். அவர்கள் அவளுடைய பெயரைச் சொல்லித்தான் செபித்தார்கள். பாதிரியார் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெளிவாகச் சொல்கிறார். ஆனால் அவனிடம், "உங்களுக்காக, பிரபுவே" என்றார். அவன் அவரை வெகுநேரம் பார்த்தான். பிறகு நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினான். கடைசி வரி, "நிறையப் பேர். நல்ல குளிர்." மூன்றாம் நாள் செத்துப்போனான். சார்லொட் பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்தாள்.

சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. இடையில் நான் நிறுத்திய இடங்களில் அவள் காத்திருந்தாள், முந்தி இருந்த மாதிரி.

"பாதிரியார் சொன்னதை அவன் நம்பினவனோ?"

"புத்தகத்தில இல்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"நம்பேல்லை" என்றேன்.

அவள் எழுந்து போய் அரிசியைக் கழுவத் தொடங்கினாள்.

மறுநாள் வழக்கமான இடத்தில் காரை நிறுத்தினேன். விளம்பரங்கள் முடிந்தன. அவள் தொடங்கினாள். அம்மை வந்ததைச் சொன்னாள். இளவரசன் கிடந்த அறையைச் சொன்னாள். அடைத்திருந்த திரைச்சீலை, வாய் நனைக்கிற பஞ்சு, மாற்றாமல் கிடந்த விரிப்பு. நோயாளியின் அறை எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் அடுத்த அறைக்காகக் காத்திருந்தேன். அடுத்த அறை வரவில்லை.

"காலமை ஊர்ச் சனம் எல்லாம் முற்றத்துக்கு வந்திது" என்றாள். "வந்து நிண்டு செபிக்குது. சத்தம் மேல கேக்குது. இவன் கண்ணைத் திறந்து பாதிரியாரைக் கேட்டான், உவை ஆருக்காக வந்திருக்கினம் எண்டு. உங்களுக்காக, பிரபுவே எண்டார் அவர்."

அவ்வளவுதான். சார்லொட்டுக்கு அம்மை வந்ததை அவள் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் அவன் செத்ததைச் சொன்னாள். கடைசி வரியைச் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னபடியே இருந்தது. ஒரு பொய்யும் இல்லை.

"லைன் திறந்திருக்கு" என்றாள். "ஆரும் கதைக்க விரும்பினால் எடுக்கலாம். நான் சொன்னதில ஏதும் பிழை இருந்தாலும் எடுத்துச் சொல்லலாம்."

அதன் பிறகு வானொலியில் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டும் இல்லை, விளம்பரமும் இல்லை. நிசாந்தன் பதறியிருப்பான். வானொலியில் அப்படி விடக் கூடாது. வெறும் இரைச்சல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் எனக்காக வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. தொலைபேசி என் கையில் இருந்தது. இந்தத் தரம் பிழை பத்து நாள் பிழையில்லை. கடிதம் இருக்கிறது, பக்க இலக்கம் எனக்கு மனப்பாடம். நான் சொன்னால் அவன் திரும்ப என்னுடையவன் ஆகிவிடுவான். முற்றத்தில் யாரும் தனக்காக வராதவன்.

நான் எண்களை அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு பெண் லைனில் வந்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். "கடைசி நேரத்திலயாவது அவனுக்குத் தெரிஞ்சிதே. அது காணும், வேற என்ன வேணும்?"

பதினொன்றரைக்கு அவள் இறங்கி வந்து கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். நான் காரை எடுக்கவில்லை.

"மற்றதை ஏன் விட்டனீர்?"

"எதை?"

"சனம் ஆருக்காக வந்ததெண்டதை."

அவள் முன் கண்ணாடி வழியே நகைக்கடையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அவளுக்கு அதுக்குப் பிறகும் இருவது வருசம் இருந்ததெண்டு சொன்னீங்களெல்லே" என்றாள். "ஒரு காலமை வந்த சனத்தை அவனுக்கு விட்டுக் குடுத்தால் அவளுக்கு என்ன குறையப்போகுது?"

அப்படி விட்டுக்கொடுக்க என்னால் முடிந்திருக்காது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. விட்டுக்கொடுத்த பிறகும், சார்லொட்டைப் போலவே, கோணேஸிடம் எவ்வளவோ மிச்சம் இருந்தது. நான் அந்த மிச்சத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவன் எங்கள் இடத்துக்காகக் காத்து நின்று, இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.